தலையணையும் கூடையும்

போன மாதம், இதய நோயாளிகளைப் பார்த்துப் பேசுகிற எங்கள் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். மூவருக்கும் இதயத்தில் அடைப்பு வந்து, மணிக்கட்டில் ஒரு துளை போட்டு, ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த தோடம்பழம் தீருவதற்குள் வீடு திரும்பிய அதிர்ஷ்டசாலிகள். "வேலு அண்ணே, நெஞ்சப் பொளந்து ஆபரேசன் செஞ்சிக்கிட்டு, நீங்கள்லாம் வார்டு வார்டாப் போயி மத்த நோயாளிகளோட என்னதான் பேசினீங்க? நாங்க இப்ப போன்லதான் பேசுறோம். எழுதித் தாங்க" என்றார்கள்.

எனக்கு எழுத்து வராது. மடுல்கெல்லச் சந்தியில் பஸ்ஸை ரிவர்ஸ் எடுப்பது இதைவிடச் சுலபம். ஆனாலும் கேட்டுவிட்டார்கள். என் வாயை மூட என் மனைவியாலேயே முடியாதபோது பேனாவை மட்டும் மூடி வைப்பானேன்?

நான் அரசாங்க பஸ் டிரைவர். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, பன்வில வழியாக மடுல்கெல்ல. அந்த ரோட்டில்தான் என் வாலிபம் முழுக்கப் போனது. அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தோட்டத்து வேலைக்காரர்களுக்குக் கொடுக்கிற லயத்துக் காம்பராவில் பிறந்தவன் என்பதால் பஸ்ஸில் ஏறுகிற பாதிப் பேருக்கு நான் மாமனோ மச்சானோ ஆவேன். உறவு பார்த்து யாருக்கும் சலுகை கொடுத்ததில்லை. மிதிபலகையில் தொங்கினால் ஏசுவேன். சாமானைப் பாதையில் வைத்தால் ஏசுவேன். "வேலு டிரைவர் பஸ்ஸுல ஏறுனா டிக்கட்டோட ஏச்சும் சேர்த்து வாங்கிக்கிறணும்" என்று கண்டக்டர் பண்டார தமிழில் சொல்லிச் சிரிப்பான். அவன் சிங்களவன். தமிழில் முதலில் கற்றுக்கொண்டதே என் ஏச்சுகளைத்தான்.

பன்விலைக்கு மேலே ஏறுகிற வளைவொன்றில் ஒரு நாள் நெஞ்சு இறுகியது. எங்கள் ஊரில் நெஞ்சில் எது நடந்தாலும் அது வாய்வு. ஓரங்கட்டி நிறுத்தி, பண்டாரவை அனுப்பி ஒரு ஜிஞ்சர் பியர் வாங்கிவரச் சொன்னேன். குடித்தேன். ஏப்பமும் வந்தது. சரியாகிவிட்டதென்று சாவியில் கை வைத்ததுதான் ஞாபகம். தேயிலைப் பெட்டி ஏற்றிவந்த லொறியொன்றில் என்னைக் கிடத்திக் கண்டிக்குக் கொண்டுவந்ததாகப் பின்னால் சொன்னார்கள். ஹேண்ட்பிரேக்கை நான் விடவில்லை என்பதில் இன்றைக்கும் எனக்குப் பெருமை உண்டு.

இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்றார்கள். ஆபரேசனுக்கு முதல் நாள் மத்தியானம், வெள்ளைத் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக ஒரு பெரியவர் வார்டுக்குள் வந்தார். கக்கத்தில் ஒரு தலையணை. அதுவும் சிவப்பு ரோசாப்பூப் போட்ட துணியில் தைத்தது. அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, வார்டு மாறி வந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் என் கால்மாட்டில் வந்து நின்று, "தம்பி, ஒங்களோட கொஞ்சம் கதைக்கலாமா? ஏலாதெண்டா செல்லுங்கோ, போயிட்டு வாறன்" என்றார்.

இப்படித்தான் எனக்கு மஹ்ரூப் ஹாஜியாரைத் தெரியவந்தது. அலவத்துகொடைக்காரர். அந்தப் பக்கத்து முஸ்லிம் பேச்சில் 'இருக்கும்' என்பது 'ஈக்கும்' ஆகும், 'சொல்' என்பது 'செல்' ஆகும். கண்டி டவுனில் புடவைக்கடை வைத்திருந்தவர். எனக்கு முந்தியே நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்த்துக்கொண்டவர்.

"நாளைக்கு ஒங்களுக்குக் கண் தொறக்கிற நேரம் வாயில ஒரு குழாய் ஈக்கும்" என்றார். "பேச ஏலா. குரல் போயிட்டுதெண்டு நெனைக்க வாணாம். குழாய எடுத்தா குரல் வரும். கை ரெண்டயும் மெல்லக் கட்டி ஈப்பாங்க. அது நீங்க தூக்கத்துல குழாயப் புடுங்காம ஈக்க. ஒரு விரலத் தூக்கிக் காட்டுங்கோ. நர்ஸ் மிஸ் வருவா."

பயப்படாதே என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் பார்க்க வந்த அத்தனை பேரும் அதைத்தான் சொன்னார்கள். சொல்லச் சொல்ல எனக்குப் பயம்தான் கூடியது.

மறுநாள் கண் திறந்தால் வாயில் குழாய். குரல் இல்லை. கை கட்டியிருந்தது. எல்லாம் ஹாஜியார் சொன்னது சொன்னபடி. சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. விரலைத் தூக்கினேன். மிஸ் வந்தார். ஒரு சொல்லுக்கு இவ்வளவு பலமா என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த ரோசாப்பூத் தலையணையின் வேலை அதற்குப் பிறகுதான் விளங்கியது. நெஞ்செலும்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருப்பார்கள். இருமினால் உயிர் போகும். ஆனால் இருமித்தான் ஆக வேண்டும். இருமாவிட்டால் சளி உள்ளே தங்கிவிடும். அதற்குத்தான் தலையணை. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரும வேண்டும். ஹாஜியாரின் கடையில் மிஞ்சுகிற துண்டுத் துணியில், இலவம்பஞ்சு அடைத்து, கடைத் தையல்காரரே தைத்துக் கொடுப்பார். மிஞ்சுகிற துணி எப்போதும் பூப்போட்டதாகவே இருந்தது. மீசைக்கார லொறி டிரைவர்கள், போலீஸ்காரர்கள், ஒரு தடவை ஒரு பிக்கு என்று, கண்டியில் பூத்தலையணையைக் கட்டிப்பிடித்து இருமாத ஆளில்லை.

ஆபரேசன் முடிந்து வீட்டுக்கு வந்தேன். நடந்தேன். மாடிப்படி ஏறினேன். வேலைக்குப் போனால், டிப்போவில் இனிமேல் பஸ் ஓட்ட முடியாது என்றார்கள். பயணிகளை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு அந்தச் சட்டம் சரிதான். நடுவழியில் நான் மயங்கினால் எத்தனை குடும்பம் பள்ளத்தில் கிடக்கும்? எல்லாம் விளங்கியது. ஆனாலும் வீட்டுக்கு வந்து அழுதேன். பஸ் நிலையத்தில் டைம்கீப்பராகப் போட்டார்கள். சின்னக் கூண்டு, ஒரு கதிரை, ஒரு விசில். நான் ஓட்டிய பஸ்ஸையே வேறொருவன் ஓட்டிக்கொண்டு போக, நான் விசில் ஊதி அனுப்ப வேண்டும். கியர் மாற்றுகிற சத்தத்தைக் கேட்டே, இவன் கிளட்சைத் தேய்க்கிறான் என்று பல்லைக் கடிப்பேன்.

அந்தக் கோபத்தையெல்லாம் வீட்டில் காட்டினேன். என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இந்தா பாருங்க, ஒன்னு வீட்டுல கெடந்து என்னோட சண்ட புடிங்க. இல்லாட்டி அந்த ஹாஜியாரோட போயி ஆஸ்பத்திரியில சண்ட புடிங்க. ரெண்டு எடத்துலயும் ஒங்களால ஏலாது, ஆபரேசன் செஞ்ச ஒடம்பு" என்றாள்.

அப்படித்தான் நான் இந்த வேலையில் சேர்ந்தேன்.

ஹாஜியாரிடம் இந்த வேலையைப் பழகுவது டிரைவிங் லைசன்ஸ் எடுப்பதை விடக் கஷ்டம். கடைக்குப் பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவில் நிற்க வைத்துப் பழக்குவார். குரல் உயராது, ஆனால் விடமாட்டார். நோயாளி கழுத்தைத் திருப்பாமல் பார்க்கிற இடத்தில், கால்மாட்டில் நிற்க வேண்டும். கட்டிலில் உட்காரக் கூடாது. கதைக்கலாமா என்று கேட்காமல் கதைக்கக் கூடாது. மருந்தைப் பற்றி எதைக் கேட்டாலும், "டொக்டரிட்டக் கேப்போம், நானும் கூட வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டால் தவிர சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டக் கூடாது. வார்டுக்குள் தலையணையைத் தவிர வேறெதையும் கொண்டுபோகக் கூடாது. தைலம் கூடாது, தாயத்து கூடாது, யாரோ சொன்ன கஷாயம் கூடாது.

கட்டிலிலிருந்து எழும்புவதை அவர் துணி மூட்டை மேலே படுத்துக் காட்டுவார். கையை ஊன்றக் கூடாது. தலையணையைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் உருண்டு, காலைத் தொங்கவிட்டால் அந்தப் பாரத்திலேயே உடம்பு எழும்பும். கொஞ்ச நாள் போனால் காரணமில்லாமல் அழுகை வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "நான் இடியப்பத்தப் பார்த்து அழுதன்" என்பார், சிரிக்காமல். "பீங்கான்ல இடியப்பம் ஈக்கிது. அதப் பார்த்ததும் கண்ணுல தண்ணி. பொண்டாட்டி பயந்திட்டா. இதக் கட்டாயம் செல்லுங்கோ. ஆம்பிளயள் இதத்தான் ஒளிப்பாங்க."

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொல்வார். "பொய் வாணாம். நல்ல பொய்யும் வாணாம். அந்தக் கட்டில்ல கெடக்கிறவருக்கு எல்லாரும் பொய்தான் செல்றாங்க. நாங்களும் போய்ச் செல்லத் தேவல்ல."

செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் போவோம். ஆறேழு பேர் இருந்தோம். பெண் நோயாளிகளைப் பார்க்க ஒரே ஒருவர்தான். தில்லைநாயகி டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் படிப்பித்து இங்கேயே பென்சன் எடுத்துக்கொண்டு தங்கிவிட்டவர். அவருக்கும் இதய வால்வு மாற்றியிருந்தது. பெண் நோயாளிகளுக்குத் திரையை இழுத்துவிட்டுத் தன் தழும்பைக் காட்டுவார். டீச்சர் போய்வந்தால் அழுதுகொண்டிருந்த பெண் தலைசீவிப் பொட்டு வைத்துக்கொள்வாள். அவ்வளவு கைராசி.

அந்தக் கைராசி ஒரே ஒரு தடவைதான் தப்பியது. அவள் பெயர் சிவபாக்கியம். மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். முப்பது வயதைத் தாண்டியிருக்கும், பார்த்தால் அதைவிடக் கூடத் தெரியும். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. மலையேறினால் மூச்சு நின்று நின்று வரும். புருசன் கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வால்வை மாற்ற வேண்டும், இப்படியே விட்டால் அதிக காலம் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

டீச்சர் சனிக்கிழமை பார்த்துவிட்டு வந்து, "ஓம், நல்லாக் கேட்டுக்கொண்டிருந்தவ. ஒரு சோலியும் இல்லை" என்றார். செவ்வாய்க்கிழமை போனால், வார்டு மிஸ் எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "என்ன சொன்னீங்க அந்தப் பிள்ளைக்கு? ஆபரேசன் வேணாம், வீட்டுக்குப் போறேன்னு நிக்கிது."

டீச்சருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "நான் நல்லதைத்தானே சொன்னனான்" என்றார். ஹாஜியார் அவரைத் தாழ்வாரத்து வாங்கில் உட்கார வைத்து, "டீச்சர், நீங்க செல்லினத அப்பிடியே திருப்பிச் செல்லுங்கோ. ஒரு சொல்லும் விட வாணாம்" என்றார். தப்பு எங்கே என்று பார்க்க அவர் கையாளும் வழி அது.

டீச்சர் சொன்னார். குழாய் பற்றி, தலையணை பற்றி, தழும்பு பற்றி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில், "இப்ப நான் ராணி மாதிரி இருக்கிறன் பிள்ளை. ஒரு செம்புத் தண்ணி தூக்கிறேல்லை. பிள்ளையள் விடுகினமில்லை. நீரும் இனி ஒரு பாரமும் தூக்கத் தேவையில்லை எண்டு சொன்னனான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

"டீச்சர், அங்கதான் போச்சு" என்றேன். "தோட்டத்து வேலப் பதிவுல அவ பேரு இருந்தாத்தான் அவளுக்கு லயத்துக் காம்பரா. கொழுந்துக் கூடை தூக்காட்டி பேரு இல்ல. பேரு இல்லாட்டி அந்த ரெண்டு புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு எங்க போவா? நீங்க ஆறுதல் சொன்னதா நெனைக்கிறீங்க. அவளுக்கு அது வீட்ட விட்டுப் போன்னு சொன்ன மாதிரி."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டார். அவரும்தான் எல்லோரிடமும், "கடைய மகனுக்குக் குடுத்திட்டன், இப்ப ராஜா மாதிரி ஈக்கிறன்" என்று சொல்வார். எங்கள் கூட்டத்தில் என்னைத் தவிர எல்லோருமே கடைக்காரர், டீச்சர், கிளார்க். ஓய்வு எடுக்கிறேன் என்பதுதான் அவர்கள் எல்லோருடைய பெருமைப் பேச்சும். ஓய்வெடுத்தால் தெருவுக்கு வந்துவிடுகிற ஒருத்திக்கு அதைச் சொல்லக் கூடாதென்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கூடை தூக்கின ஆள் எங்களில் ஒருவரும் இல்லை.

"தம்பி, நீங்க போங்கோ" என்றார் ஹாஜியார்.

"நான் போயி என்னத்தச் சொல்ல? எனக்கும்தான் பஸ் போச்சு. அவ அதக் கேட்டா?"

"கேட்டா உள்ளதச் செல்லுங்கோ."

"உள்ளதச் சொன்னா அவ கட்டாயம் வீட்டுக்குத்தான் போவா."

"போனாலும் பொய்யால ஒருத்தர நிப்பாட்ட வாணாம்" என்றார். அவருக்கும் அது லேசாக வரவில்லை. சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

போனேன். சிவபாக்கியம் சொப்பிங் பேக்கில் சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மடிப்புக்கும் மூச்சு வாங்கினாள். கால்மாட்டில் நின்று, கதைக்கலாமா என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க வேலு டிரைவர் அண்ணே இல்ல?"

"ஆமா தங்கச்சி."

"ஒருக்கா புதுக்கூடை வாங்கிட்டு வந்தப்ப, பாதையில வைக்கக்கூடாதுன்னு ஏசினீங்க. மடுல்கெல்ல வரைக்கும் அத மடியில வச்சிக்கிட்டு வந்தேன்."

"ஏசியிருப்பேன். ஏசாம இருந்தாத்தான் அதிசயம்."

லேசாகச் சிரித்தாள். எனக்குத் தெம்பு வந்தது. உடனே அதைப் பறித்தும் விட்டாள்.

"இப்ப எந்த ரோட்டுல ஓட்டுறீங்க அண்ணே?"

அவள் என்னைச் சோதிக்கக் கேட்கவில்லை. ஊர்க்காரனைக் கண்டால் கேட்கிற கேள்வி. இப்போதும் அதே ரோட்டில்தான் என்று சொல்லிவிட்டால் அவள் தங்கிவிடுவாள். பிழைத்தும் விடுவாள். அந்த ஒரு சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஓட்டல தங்கச்சி" என்றேன். "ஆபரேசனுக்குப் பொறகு பஸ்ஸ என் கையில குடுக்கல. இப்ப டைம்கீப்பர். விசில் ஊதுறேன்."

அவள் முகம் அப்படியே விழுந்தது. கையிலிருந்த சேலையைப் பேக்கில் வைத்தாள். "அப்ப எனக்கும் கூடை போச்சு" என்றாள்.

"அது எனக்குத் தெரியாது. நான் பஸ் ஓட்டுறப்ப மயங்கினா பின்னுக்கு இருக்கிற எல்லாரும் பள்ளத்துல. அதுக்குத்தான் நிப்பாட்டினாங்க. உன் கூடை உன் முதுகுல மட்டுந்தான் இருக்கு. அது வேற கணக்கு. தூக்கலாமா கூடாதான்னு எனக்குச் சொல்ல ஏலாது. டொக்டர்கிட்டதான் கேக்கணும்."

"டொக்டர் கூடை தூக்கியிருக்காரா?"

"இல்ல. கொண்டாந்து காட்டுவோம்."

எந்த யோசனையுமில்லாமல்தான் சொன்னேன். அவள் பேக்கின் வாயைக் கட்டாமல் என்னைப் பார்த்தாள். "கூடைய கண்ணால பார்த்துட்டுச் சொல்லட்டும். அதுவரைக்கும் இருக்கேன்" என்றாள்.

வெளியே வந்து ஹாஜியாரிடம் சொன்னேன். வார்டுக்குள் தலையணையைத் தவிர எதுவும் போகக் கூடாதென்று சட்டம் போட்ட மனிதர். "பஸ்ஸுல வருமா?" என்று மட்டும் கேட்டார்.

பண்டாரவிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை பஸ்ஸில், முன் சீட்டில், பயணி மாதிரி உட்கார்ந்து வந்தது சிவபாக்கியத்தின் கூடை. உள்ளே அவளுடைய படங்கும் இருந்தது. பனியில் நனையாமல் இடுப்பில் கட்டிக்கொள்கிற சாக்கு. தங்கச்சி அதையும் சேர்த்து அனுப்பியிருந்தாள். கூடையை நான் தூக்கப் போனேன். ஹாஜியார் விடவில்லை. வெள்ளை வெளேரென்ற உடுப்போடு, கொழுந்துக் கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நடந்தார். கேட் காவலாளி சிங்களத்தில், "முதலாளி, இங்கே எந்த மலையில கொழுந்து?" என்று கேட்டார். ஹாஜியார், "இதய வார்டுல" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார்.

டொக்டர் சிங்களவர், வயது குறைந்தவர், எந்நேரமும் அவசரத்தில் இருப்பார். சிரிப்பார், அல்லது ஏசுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. கூடையைக் கீழே வைத்துச் சுற்றிப் பார்த்தார். அவள் வெறுங்கூடையை முதுகில் போட்டு, கயிற்றை உச்சந்தலைக்கு முன்னால் ஏற்றிக் காட்டினாள். டொக்டர் அதை வாங்கி, மிஸ்ஸிடம் சொல்லி சேலைன் பெட்டிகளை உள்ளே வைக்கச் சொன்னார். தானே கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு எழும்பினார். வார்டே கட்டிலில் எழும்பி உட்கார்ந்து பார்த்தது. இரண்டு கட்டில் தூரம் நடந்தார். நடக்கும்போதே ஒரு கையால் தன் நெஞ்செலும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கூடையை இறக்கிவிட்டு அவர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். பாரம் கழுத்திலும் முதுகிலும்தான் இழுக்கிறது. எலும்பு பொருந்துகிற வரைக்கும், மூன்று மாதமாவது, கூடை கூடவே கூடாது. அதுவரை உட்கார்ந்து செய்கிற வேலை கொடுக்கும்படி தோட்டத்துக்குத் தானே எழுதுவார். அதற்குப் பிறகு வெறுங்கூடை, பிறகு கால் கூடை, அரைக் கூடை. ஒவ்வொரு தடவையும் கிளினிக்கில் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

"அட்ட கடிச்சா?" என்று கேட்டாள் சிவபாக்கியம்.

டொக்டர் என்னைப் பார்த்தார். அட்டை என்றால் என்னவென்று சிங்களத்தில் சொன்னேன். மழை நாளில் கொழுந்து மலையில் காலெல்லாம் ஏறும். வால்வு மாற்றினவர்கள் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டும், சின்னக் காயமானாலும் இரத்தம் லேசில் நிற்காது என்று அவளுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். வார்டில் படுத்தபடி அவள் அட்டையைப் பற்றித்தான் யோசித்திருக்கிறாள். டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவசரமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கழுவ வேண்டும், சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், நிற்காவிட்டால் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓட வேண்டும், மாதா மாதம் கண்டிக்கு வந்து இரத்தம் சோதிக்காமல் இருக்கவே கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"கட்டாயம் தூக்கலாமா?" என்றாள்.

"கட்டாயம் என்று சொல்ல முடியாது. ஆபரேசனிலேயே ஆபத்து உண்டு" என்றார் டொக்டர். "எலும்பு நன்றாகப் பொருந்தினால் கூடை உனக்குத் தடையாக இருக்காது. அவ்வளவுதான் சொல்லலாம்."

அவள் படங்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நீவிக்கொண்டிருந்தாள். ஹாஜியார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர் திரைக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். எனக்கு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் எதிரே லொறி வருகிற மாதிரி இருந்தது.

"எல்லாரும் நல்லதாவே சொன்னாங்க" என்றாள் கடைசியில். "அம்புட்டும் நல்லதா இருந்தா எப்பிடி நம்புறது? இந்த அண்ணே ஒருத்தருதான் தன் பஸ் போச்சுன்னு சொன்னாரு. அவரு இல்லன்னு சொன்னத நம்பினேன். அவரு வாயால நீங்க தூக்கலாம்னு சொல்றதயும் நம்புறேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

அன்றைக்குத் தாழ்வாரத்தில் நின்று அழுதது நானல்ல, ஹாஜியார். "இடியப்பமும் இல்ல, ஒண்டும் இல்ல, அழுக வருது தம்பி" என்றார்.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. அவளுக்கு மஞ்சள் பூப்போட்ட தலையணை. இரண்டாம் நாள் டீச்சர்தான் பக்கத்தில் நின்று, "இறுக்கிப் பிடியும் பிள்ளை, இன்னும் இறுக்கி" என்று சொல்லி இரும வைத்தார். டீச்சர் அதற்குப் பிறகு யாரிடமும் தான் ராணி மாதிரி இருப்பதாகச் சொன்னதில்லை. "வீட்டில என்ன வேலை செய்யிறனீர்?" என்றுதான் முதலில் கேட்பார். எங்கள் எல்லோருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. நோயாளி என்ன வேலை செய்கிறார், அந்த வேலையில் உடம்பின் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கேட்டுக்கொண்டு டொக்டரிடம் போவோம். மண்வெட்டி, தையல் மிஷின், ரொட்டி மாவு பிசைகிற பலகை என்று வார்டுக்குள் என்னென்னவோ வந்தன. தலையணையைத் தவிர வேறெதுவும் கூடாதென்ற சட்டத்தை ஹாஜியார் எடுத்துவிடவில்லை. "வேல சாமான் வேற" என்று ஒரு வால் சேர்த்துக்கொண்டார்.

மாதத்துக்கொரு தடவை இரத்தம் சோதிக்கச் சிவபாக்கியம் கண்டிக்கு வருவாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் கூண்டுக்கு வருவாள். தேயிலைக் கன்று வளர்க்கிற தவறணையில், பையில் மண் நிரப்புகிற வேலை கொடுத்திருந்தார்கள். "கைவேலதான், சொகமா இருக்கு. ஆனா மலைக்குப் போற பொம்பளைங்க போறப்ப பாட்டுப் பாடிக்கிட்டுப் போறாங்க, எனக்குத்தான் கடுப்பா இருக்கு" என்பாள். எனக்கு அந்தக் கடுப்பு நன்றாகத் தெரியும். மடுல்கெல்ல பஸ் கிளம்ப நான் விசில் ஊதுவேன். இரண்டு பேரும் அது வளைவில் மறைகிற வரைக்கும் பார்ப்போம். டிரைவர் கிளட்சைத் தேய்த்தால் அவளே, "தேய்க்கிறான் அண்ணே" என்பாள். அந்தக் கூண்டில் உட்கார்ந்திருப்பது எனக்கு அப்போதுதான் பிடிக்க ஆரம்பித்தது. பென்சன் எடுக்கிற நாளில் கூண்டைப் பூட்டும்போது கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது.

ஒரு வருசம் கழிந்திருக்கும். ஒரு நாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். மழையுமில்லை, வெயிலுமில்லை. என்ன கோலம் இது என்றேன். கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, வேறு யாருமில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, துண்டை அவிழ்த்தாள். நெற்றிக்கு மேலே, கூடைக் கயிறு படுகிற இடத்தில், விரலகலத்துக்கு முடி தேய்ந்து வழுக்கையாக இருந்தது.

"அது எப்பவும் இருந்ததுதானே?" என்றேன்.

"இல்லண்ணே. தவறணையில இருந்தப்ப புதுசா முடி மொளச்சிருந்திச்சு. கறுகறுன்னு. எந்தங்கச்சி சீப்புப் போட்டுப் பார்த்துச் சிரிப்பா." அவள் அந்த இடத்தைத் தடவிக்கொண்டாள். "திரும்பத் தேஞ்சிருச்சு."

முகமெல்லாம் பல்லாக நின்றாள். வழுக்கையைக் காட்டி இவ்வளவு சந்தோசப்பட்ட பெண்ணை நான் பார்த்ததில்லை. நானும் என் தொப்பியைக் கழற்றி என் தலையைக் காட்டினேன். பஸ் நிலையத்தில் போகிறவர்கள் எங்களுக்குப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள்.

ஹாஜியார் இறந்து, அவர் பாஷையில் மௌத்தாகி, சில வருசமாகிறது. அவருடைய மகன் கடையிலிருந்து இன்றைக்கும் பூப்போட்ட தலையணை வருகிறது. டீச்சருக்கு முழங்கால் ஏலாது, போனில் கதைப்பார். தோட்டத்துப் பெண் யாராவது வார்டுக்கு வந்திருக்கிறாள் என்றால் எங்கள் கூட்டத்துப் பிள்ளைகள் இப்போது முதலில் தேடுவது சிவபாக்கியத்தைத்தான். வேலை இல்லாத நாளாகப் பார்த்து வருவாள். அவளுடைய பெண்கள் இருவரும் கலியாணமாகிப் போய்விட்டார்கள். அவள் இன்னும் அதே காம்பராவில்தான் இருக்கிறாள்.

போன கிழமை, என்னைத் தேடிவந்த அந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு நானும் வார்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ளே, ஆபரேசன் வேண்டாமென்ற தோட்டத்துப் பெண்ணொருத்தி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். சிவபாக்கியம் கக்கத்தில் பூப்போட்ட தலையணையோடு கால்மாட்டில் நின்று, கதைக்கலாமா என்று கேட்டாள். காத்திருந்தாள். பிறகு அந்தப் பெண் மெல்லத் திரும்பினாள். சிவபாக்கியம் தழும்பைக் காட்ட ரவிக்கைப் பொத்தானில் கை வைக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் குனிந்து, அந்தப் பெண்ணின் கையை எடுத்து, முடி தேய்ந்த இடத்தில் வைத்தாள்.

"ஆபரேசனுக்குப் பொறகு தேஞ்சது" என்றாள்.

அந்தப் பெண் விரலால் அந்த இடத்தை மெல்லத் தடவிப் பார்த்தாள். "கூடை தூக்குறப்ப நெஞ்சு வலிக்காதா அக்கா?" என்று கேட்டாள்.

"நெஞ்சு வலிக்காது. கழுத்து வலிக்கும். கூடை நெறஞ்சா யாருக்குத்தான் வலிக்காது?"

அந்தப் பெண் தலையணைக்குக் கை நீட்டினாள்.